காய்ச்சலுக்கு முன்பா, பின்பா? – ஆங்கிலத்தில் காலம் உணர்த்தும் வாக்கியங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை நேரத்தில் என் தமக்கையின் மகள் வளைகுடா நாடு ஒன்றிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். குரலில் அழுகை இன்னும் அடங்கவில்லை. அவளுடைய இரண்டு வயதுக் குழந்தைக்கு முதல் நாள் இரவு கடுமையான காய்ச்சல். சிறிது நேரத்தில் கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்திருக்கின்றன. கணவர் இரவுப் பணியில் இருந்தார். பக்கத்து வீட்டுச் சகோதரியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறாள். அங்கிருந்த நர்ஸ் பிலிப்பைன்ஸ் நாட்டவர். என்ன நடந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார். என் மருமகள் பட்டம் பெற்றவள். ஆங்கிலம் அறியாதவள் அல்லள். ஆனாலும் அந்தப் பதற்றத்தில், “காய்ச்சல் வந்த பிறகு வலிப்பு வந்தது” என்று மனத்துக்குள் தமிழில் நினைத்து, அதே வரிசையில் “ஃபீவர் கேம் ஆஃப்டர் ஃபிட்ஸ் கேம்” என்று சொல்லிவிட்டாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டது என்ன தெரியுமா? முதலில் வலிப்பு வந்தது. காய்ச்சல் அதன் பின்னரே வந்தது.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கடுங்காய்ச்சலின்போது வலிப்பு வருவதுண்டு. பெற்றவர்களை அது நடுங்க வைத்தாலும் பெரும்பாலும் தீங்கின்றிக் கடந்துபோகும். காய்ச்சல் இல்லாத குழந்தைக்கு வலிப்பு வந்தால் மருத்துவர்கள் அதை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். ஆகவே அந்த மருத்துவர் குழந்தையின் தலையில் எப்போதாவது அடிபட்டதா, குடும்பத்தில் யாருக்கேனும் வலிப்பு நோய் உண்டா என்றெல்லாம் கேட்கத் தொடங்கியிருக்கிறார். கேள்விகள் போகும் திசையைக் கண்டு இவளுக்கு உயிரே போய்விட்டது. நல்லவேளையாக மருத்துவர், “எது ஃபர்ஸ்ட்?” என்னும் பொருள்பட விரல்களைக் காட்டிக் கேட்டார். “ஃபர்ஸ்ட் ஃபீவர், நெக்ஸ்ட் ஃபிட்ஸ்” என்று இவள் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. குழந்தை இரண்டு நாளில் வீடு திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

“மாமா, நான் சரியாகத்தானே சொன்னேன்? பிறகு என்பதற்கு ஆஃப்டர்தானே?” என்று அவள் கேட்டாள்.

சொல் சரி. அது நின்ற இடம்தான் தவறு. அன்று அவளுக்குத் தொலைபேசியில் சொல்லத் தொடங்கியதை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். பள்ளியில் பல்லாண்டுகள் ஆங்கிலம் கற்பித்தவன் என்ற முறையில், இந்த ஒரு பகுதியில் நம் பிள்ளைகள் படும் பாட்டை நன்கு அறிவேன்.

வால் பிடியும் தலைப் பிடியும்

தமிழில் காலத்தைக் காட்டும் சொல், துணைவாக்கியத்தின் வாலில் வந்து ஒட்டிக்கொள்ளும். “நான் சாப்பிட்ட பிறகு”, “வாப்பா வருவதற்கு முன்”, “மழை நிற்கும் வரை”, “பாங்கு சொன்னதும்” – இவற்றில் பிறகு, முன், வரை, உம் ஆகிய யாவும் கடைசியில் நிற்கின்றன. ஆங்கிலத்திலோ அச்சொல் தலையில் நிற்கும். “ஆஃப்டர் ஐ ஏட்”, “பிஃபோர் ஃபாதர் கேம்”, “அண்டில் த ரெயின் ஸ்டாப்ஸ்”. தமிழில் பின்னால் பிடித்துத் தூக்கும் பாத்திரத்தை ஆங்கிலத்தில் முன்னால் பிடித்துத் தூக்க வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்வேன்.

இந்த இட மாற்றத்தை மறந்து தமிழ் வரிசையிலேயே சொற்களை அடுக்கினால், “ஆஃப்டர்” என்ற சொல் தனக்குரிய வாக்கியத்தை விட்டுவிட்டு அடுத்த வாக்கியத்தின் தலையில் ஏறிக்கொள்ளும். பொருள் தலைகீழாகும். “நான் சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டேன்” என்பதை “ஐ ஏட் ஆஃப்டர் ஐ டுக் த டேப்லட்” என்றால், மாத்திரை முதலில், உணவு பின்னர் என்றாகிவிடும். மற்ற இலக்கணப் பிழைகள் பலவற்றில் கேட்பவர் நம் கருத்தை ஊகித்துக்கொள்வார். “ஹி கோ” என்றாலும் அவன் போகிறான் என்று புரிந்துகொள்வார். இந்தப் பிழையில் அவருக்கு ஐயமே எழாது. ஏனெனில் வாக்கியம் இலக்கணப்படி முழுமையாக இருக்கிறது. சொல்லப்பட்ட செய்தி மட்டும் நேர் எதிரானது. அதனால்தான் இதை மற்றப் பிழைகளினும் கொடியது என்கிறேன்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. “ஆஃப்டர்” எந்த வாக்கியத்தின் தலையில் இருக்கிறதோ, அந்த வாக்கியத்தின் செயல் முதலில் நடந்தது. “பிஃபோர்” எதன் தலையில் இருக்கிறதோ, அந்தச் செயல் இரண்டாவதாக நடந்தது. மருந்துச் சீட்டைப் படிக்கும்போதும், விண்ணப்பப் படிவத்தில் எழுதும்போதும் இந்தச் சோதனையை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

துணைவாக்கியம் முன்னால் வரலாம், பின்னாலும் வரலாம். “ஆஃப்டர் ஐ ஏட், ஐ டுக் த டேப்லட்” என்றாலும், “ஐ டுக் த டேப்லட் ஆஃப்டர் ஐ ஏட்” என்றாலும் பொருள் ஒன்றே. முன்னால் வந்தால் நடுவில் காற்புள்ளி இடுவது வழக்கம். பின்னால் வந்தால் பெரும்பாலும் தேவையில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்குத் துணைவாக்கியத்தை முன்னால் வைப்பது இயல்பாக வரும். தொடக்கத்தில் அப்படியே பழகிக்கொள்வது நல்லது. வாயைத் திறக்கும்போதே “ஆஃப்டர்” என்று தொடங்கிவிட்டால் இடம் தவற வழியில்லை.

‘வில்’ எங்கே போயிற்று?

அடுத்த பெருங்குழப்பம் வருங்காலத்தைப் பற்றியது. “வென் ஐ வில் ரீச் துபாய், ஐ வில் கால் யூ” என்று எழுதாத மாணவனை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். போய்ச் சேர்வதும் இனிமேல், அழைப்பதும் இனிமேல். அப்படியானால் இரண்டு இடத்திலும் “வில்” வேண்டாமா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் காலத்தைக் காட்டும் துணைவாக்கியத்துக்குள் ஆங்கிலம் “வில்” என்பதை அனுமதிப்பதில்லை. “வென் ஐ ரீச் துபாய், ஐ வில் கால் யூ.” துணைவாக்கியத்தில் நிகழ்காலம், முதன்மை வாக்கியத்தில் மட்டும் வருங்காலம். வென், ஆஃப்டர், பிஃபோர், அண்டில், ஆஸ் சூன் ஆஸ், ஒன்ஸ், பை த டைம் என எதுவாயினும் இதே விதிதான்.

இது ஆங்கிலேயரின் விசித்திரம் என்று எண்ணிவிட வேண்டாம். நம் தாய்மொழியைச் சற்றே உற்று நோக்குங்கள். “நீங்கள் வந்த பிறகு சாப்பிடுவோம்” என்கிறோம். விருந்தினர் இன்னும் வரவில்லை, நாளைதான் வரப்போகிறார். ஆயினும் “வந்த” என்று இறந்தகாலத்தில் சொல்கிறோம். “வரும் பிறகு” என்று யாரும் சொல்வதில்லை. “சம்பளம் வந்ததும் அனுப்புகிறேன்” என்பதும் அப்படியே. சம்பளம் இனிமேல்தான் வரவேண்டும். வருங்காலம் என்பதை முதன்மை வினை காட்டிவிடுவதால், துணைவினை அந்தச் சுமையைத் தூக்கத் தேவையில்லை என்று தமிழும் கருதுகிறது.

மதரஸாவில் நஹ்வு படித்தவர்களுக்கு இது இன்னும் எளிதில் விளங்கும். அரபியில் “இதா” என்ற சொல்லை அடுத்து வரும் வினை வடிவத்தால் இறந்தகாலமாக இருந்தாலும், பொருளால் வருங்காலத்தைக் குறிப்பது பெருவழக்கு. திருக்குர்ஆனின் 110ஆவது அத்தியாயமான அந்நஸ்ர், “இதா” என்ற அந்தச் சொல்லோடுதான் தொடங்குகிறது. அதை அடுத்து வரும் வினைக்கு வடிவம் இறந்தகாலம். நம் பிள்ளைகள் தொழுகையில் ஓதுகிற சிறிய சூராவிலேயே இந்த இலக்கணம் இருக்கிறது. ஆக, தமிழும் அரபியும் இறந்தகால வடிவத்தைக் கொண்டு செய்கிற வேலையை ஆங்கிலம் நிகழ்கால வடிவத்தைக் கொண்டு செய்கிறது. மூன்று மொழிகளுமே துணைவாக்கியத்தில் வருங்காலத்தைத் தவிர்த்துவிடுகின்றன. இவ்வாறு ஒப்பிட்டுச் சொன்ன நாளிலிருந்து என் வகுப்பில் அந்த “வில்” வெகுவாகக் குறைந்தது. (“இன்ஷா அல்லாஹ்” என்பதை எங்கே சேர்ப்பது என்று ஒரு மாணவன் கேட்டான். நாம் செய்வதாகச் சொல்லும் செயல் முதன்மை வாக்கியத்தில் இருப்பதால் அங்கேயே சேர்த்துக்கொள் என்றேன்.)

ஒரு செயல் முற்றுப்பெற்ற பின்னரே அடுத்தது என்று அழுத்திச் சொல்ல வேண்டுமானால், “வென் ஐ ஹாவ் ஃபினிஷ்ட் த ஒர்க், ஐ வில் கம்” என்று “ஹாவ்” சேர்த்துச் சொல்லலாம். வேலையை அரைகுறையாக விட்டுவிட்டு வரமாட்டேன் என்ற உறுதி அதில் இருக்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. “வென்” வந்தாலே “வில்” வராது என்று மனப்பாடம் செய்துவிடக் கூடாது. “வென் வில் யூ கம்?” என்பது கேள்வி, அதில் “வில்” வரத்தான் வேண்டும். “ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்” என்பதும் சரியான வாக்கியமே. அவர் எப்போது வருவார் என்பது இங்கே தெரியாத ஒரு செய்தி, “எதைத் தெரியாது?” என்ற வினாவுக்கு விடையாக நிற்கிறது. காலத் துணைவாக்கியமோ “எந்த நேரத்தில்?” என்ற வினாவுக்கு விடையாக நிற்கும். தமிழில் பெயர்த்துப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். “எப்போது வருவார்” என்று வந்தால் “வில்” உண்டு. “வரும்போது” அல்லது “வந்ததும்” என்று வந்தால் “வில்” இல்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். விதியை அறிந்தவர்கள், அறிந்த காரணத்தாலேயே சரியான வாக்கியத்தை அடித்துத் திருத்திவிடுகிறார்கள்!

இறந்தகாலத்தில் கவனம்

நடந்து முடிந்ததைச் சொல்லும்போது ஆங்கிலத் துணைவாக்கியமும் இறந்தகாலத்துக்கு வந்துவிட வேண்டும். தமிழ் இங்கே நம்மை ஏமாற்றும். “அவர் வருவதற்கு முன் நான் போய்விட்டேன்” என்கிறோம். “வருவதற்கு” என்பதைப் பார்த்து “பிஃபோர் ஹி கம்ஸ், ஐ வென்ட்” என்று எழுதுகிறார்கள். “பிஃபோர் ஹி கேம்” என்பதே சரி. “நான் வரும்போது மழை பெய்தது” என்பதிலும் “வரும்” என்று இருக்கிறதே என மயங்கக் கூடாது. “வென் ஐ கேம்” என்றே சொல்ல வேண்டும்.

“போது” என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் இரண்டு வேலைகளைச் செய்கிறோம். ஆங்கிலத்தில் “வென்” என்றும் “வைல்” என்றும் இரண்டு சொற்கள். ஒரு செயல் நீண்டுகொண்டிருக்க, இன்னொன்று இடையில் குறுக்கிட்டால், நீண்ட செயலுக்கு “வைல்”, குறுக்கிட்ட செயலுக்கு “வென்”. “வைல் ஐ வாஸ் குக்கிங், த பவர் ஃபெயில்ட்.” “ஐ வாஸ் குக்கிங் வென் த பவர் ஃபெயில்ட்.” இரண்டும் ஒரே நிகழ்ச்சிதான். “வைல்” என்பதோடு “இங்” வினை பொருந்தி வருவதைக் கவனியுங்கள். “வைல் த பவர் ஃபெயில்ட்” என்றால் காதுக்கு ஒவ்வாது. மின்சாரம் போவது ஒரு நொடி வேலை, அது நீண்டுகொண்டிருக்காது.

வரையும் குள்ளும்

“அண்டில்” என்பதற்கு “வரை” என்று பொருள் சொல்லித் தருகிறோம். பெரும்பாலும் அது சரியே. “வீ ஃபாஸ்ட் அண்டில் த சன் செட்ஸ்” – சூரியன் மறையும் வரை நோன்பிருக்கிறோம். நோன்பு என்பது நெடுநேரம் தொடரும் நிலை. மஃரிப் வந்ததும் அது முடிகிறது. “அண்டில்” என்ற சொல்லுக்குத் தேவை இதுவே: ஒன்று தொடர்ந்துகொண்டிருக்க வேண்டும், குறித்த நேரத்தில் அது முடிய வேண்டும்.

அண்டில் என்பதற்குப் பின் முழு வாக்கியம்தான் வரவேண்டும் என்பதில்லை. “அண்டில் சன்செட்” என்று வெறும் பெயர்ச்சொல்லும் வரலாம். அரபியில் “ஹத்தா” என்ற சொல்லும் இப்படியே. 97ஆவது அத்தியாயமான அல்கத்ர், விடியற்பொழுதைக் குறிக்கும் பெயர்ச்சொல்லை “ஹத்தா”வோடு சேர்த்து முடிவதை எண்ணிப் பாருங்கள்.

தொடராத செயலுக்கு “அண்டில்” ஒவ்வாது. அங்கே “பை” வரும். “வெள்ளிக்கிழமைக்குள் பாஸ்போர்ட்டைக் கொடு” என்பதை “கிவ் த பாஸ்போர்ட் அண்டில் ஃப்ரைடே” என்று எழுதிப் பார்த்திருக்கிறேன். “பை ஃப்ரைடே” என்றால்தான் வெள்ளிக்குள் என்றாகும். “குள்” வந்தால் பை. “வரை” வந்தால் அண்டில். “குள்” என்பதோடு முழு வாக்கியத்தைச் சேர்க்க வேண்டுமானால் “பை த டைம்”. “பை த டைம் வீ ரீச்ட் த ஸ்டேஷன், த ட்ரெயின் ஹாட் லெஃப்ட்” – நாங்கள் நிலையத்தை அடைவதற்குள் வண்டி போய்விட்டது. முந்தி நடந்துவிட்ட செயலுக்கு “ஹாட்” சேர்ப்பதை இவ்வகை வாக்கியத்தில் மறக்கலாகாது.

இன்னொரு பிழை உண்டு. “நான் வராத வரை கதவைத் திறக்காதே” என்று நம்மில் பலர் பேசுவதால், “அண்டில் ஐ டோன்ட் கம், டோன்ட் ஓப்பன் த டோர்” என்று இரட்டை எதிர்மறை போட்டுவிடுகிறார்கள். “டோன்ட் ஓப்பன் த டோர் அண்டில் ஐ கம்” – எதிர்மறை முதன்மை வாக்கியத்தில் மட்டும் போதும். பட்டறையிலும் தொழிற்சாலையிலும் எழுதி மாட்டப்படும் எச்சரிக்கைகள் பல இந்த அமைப்பில்தான் இருக்கும்: இயந்திரம் முற்றிலும் நிற்கும் வரை மூடியைத் திறக்காதே என்பது போல. வேலைக்குப் புறப்படுகிற நம் சபுராளிகள் இந்த ஓர் அமைப்பையாவது தெளிவாகக் கற்றுக்கொண்டு விமானம் ஏறவேண்டும். வணக்கம், நன்றி சொல்லும் ஆங்கிலத்தைவிட விரலைக் காப்பாற்றும் ஆங்கிலம் முக்கியமானது.

ஐந்து வருடமாக...

வேலை தேடுவோரின் விண்ணப்பங்களில் தவறாமல் காணப்படும் வாக்கியம்: “ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்.” “ஐந்து வருடமாக வேலை செய்கிறேன்” என்பதன் நேர்ப்பெயர்ப்பு அது. இதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. “சின்ஸ்” என்பது தொடங்கிய புள்ளியைக் கேட்கும். கால அளவைக் கேட்பது “ஃபார்”. அன்று தொடங்கி இன்றுவரை நீள்கிற செயலுக்கு “ஆம்” போதாது; “ஹாவ் பீன்” வேண்டும். “ஐ ஹாவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்றோ, “சின்ஸ் 2019” என்றோ எழுத வேண்டும். “சின்ஸ்” துணைவாக்கியத்தை ஏற்கும்போது அந்தத் துணைவாக்கியம் இறந்தகாலத்தில் நிற்கும்: “ஐ ஹாவ் பீன் வொரீட் சின்ஸ் ஹி லெஃப்ட் ஹோம்.” அவன் வீட்டைவிட்டுப் போனதிலிருந்து கவலையாக இருக்கிறேன். எத்தனை உம்மாமார்களின் வாக்கியம் இது!

“ஆஸ் சூன் ஆஸ்” பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமிழின் “வந்ததும், போனதும்” என்பதன் “தும்”தான் அது. பள்ளித் தேர்வுகளில் அதை “நோ சூனர்” என்று மாற்றி எழுதச் சொல்வது நெடுங்கால வழக்கம். “நோ சூனர்” வந்தால் பின்னால் “தேன்” வரும். “ஹார்ட்லி”, “ஸ்கேர்ஸ்லி” வந்தால் “வென்” வரும். இவை முன்னால் நின்றால் “ஹாட்”, “டிட்” ஆகியவை எழுவாய்க்கு முந்திவிடும். மதிப்பெண்ணுக்காக இதைப் படிக்கட்டும். ஆனால் இந்த மாற்று வித்தையில் வாரக்கணக்கில் செலவிடுகிற வகுப்புகள், “ஆஃப்டர்” எங்கே நிற்கவேண்டும் என்பதில் ஒரு நாளும் செலவிடுவதில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை. “நோ சூனர்” சொல்லத் தெரியாமல் யாரும் எங்கும் சங்கடப்பட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பழகுவதற்குத் தனி நேரம் ஒதுக்க முடியவில்லையே என்று இல்லத்தரசிகள் சொல்வார்கள். நம் வீட்டு நாளே நேரங்களால் பகுக்கப்பட்டது. “ஆஃப்டர் ஐ ப்ரே அஸர், ஐ மேக் டீ.” “பிஃபோர் த சில்ட்ரன் கோ டு மதரஸா, தே ஹாவ் தெர் பாத்.” “வென் மை ஹஸ்பண்ட் கால்ஸ் டுநைட், ஐ வில் டெல் ஹிம்.” நாளைக்கு இப்படி ஐந்து வாக்கியம். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிரித்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். என் மருமகள் அப்படித்தான் பழகினாள்.

எட்டு மாதம் கழித்து அந்தக் குழந்தைக்கு மீண்டும் காய்ச்சல் கண்டு, மீண்டும் வலிப்பு வந்தது. அன்றும் கணவர் பணியில்தான் இருந்தார். டாக்ஸியில் போகும்போதே, பையில் கிடந்த மளிகைக் கடை ரசீதின் பின்புறத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். நர்ஸ் கேட்டதும் அதை நீட்டினாளாம். எனக்கும் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். கை நடுங்கிய எழுத்து. “ஆஃப்டர் த ஃபீவர் கேம், ஹி ஹாட் ஃபிட்ஸ்” என்று எழுதி, “ஆஃப்டர்” என்ற சொல்லின் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.